மஞ்சளில் கட்டில், சிவப்பில் அடுப்பு

“அம்மா, ஒங்க குசினி செவப்புல இருக்கு. முன்னறை மஞ்சள்ல இருக்கு” என்றாள் சிவானுஜா, வரைபடம் தெரிந்த டேப்லெட்டை அடுப்புக்கு மேலே நீட்டிப் பிடித்தபடி. பாக்கியலெட்சுமி கொதிக்கிற சோற்றை விட்டுவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தாள். கைக்கு வந்தது கரிதான்.

மண்சரிவு அபாய வரைபடத்தோடு வீடு வீடாக வந்த அரசாங்க உத்தியோகத்தர் அந்தப் பெண். லுணுகலைக்கு மேலே, தேயிலைச் சரிவில் இருந்த அந்த வீட்டை ஒரு கோடு சரிபாதியாக வெட்டிக்கொண்டு போனது. பாக்கியத்துக்குப் புரிந்தது இவ்வளவுதான்: சிவப்பு என்றால் மலை சொல்லாமல் வரும், மஞ்சள் என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு வரும். “கோடுன்னா வேலி இல்லம்மா. பெருமழ பெஞ்சா ரெண்டு பக்கமும் இருக்கக் கூடாது, ஸ்கூலுக்குப் போயிரணும்” என்று சிவானுஜா படித்துப் படித்துச் சொன்னாள். மனதில் தங்கியது கோடு மட்டும்.

முப்பத்தொரு வருஷம் கொழுந்து பறித்து, தோட்டத்து லயக் குடியிருப்பை விட்டு வந்து கட்டிய வீடு. அதற்கொரு பாதுகாப்பு வேண்டாமா என்று பதுளையிலிருந்து காப்புறுதி ஏஜென்ட் முன்ஸிப்பை வரவழைத்தாள். “செவப்புல ஈக்கிற எடத்துக்குக் கம்பெனி தராதுக்கா. முன்னறைய மட்டும் எழுதுவோம்” என்றான் அவன். பாதி வீட்டுக்குக் காப்புறுதி, மீதிப் பாதிக்கு முருகன்.

அன்றைக்கே அடுப்பும் அரிசி வாளியும் அம்மிக்கல்லும் முன்னறைக்கு வந்தன. கட்டிலில் ஏறி இறங்கித்தான் வாசலுக்குப் போக முடிந்தது. நகராத ஒரே சாமான் அவள் புருஷன் பொன்னையா. அவர் காலியான குசினியில் பாயை விரித்துவிட்டார்.

“ரோட்டு லைட்டுல செவப்புன்னா நிக்கணும், மஞ்சள்னா பொறுக்கணும். நா நிக்கிறேன்” என்றார்.

மூன்று வாரம் பேச்சில்லை. பாக்கியம் கோட்டைத் தாண்ட மாட்டாள். தேத்தண்ணியை நிலைப்படியில் வைத்து விளக்குமாற்றுக் காம்பால் தள்ளிவிடுவாள். அவரும் குடித்துவிட்டு அதே காம்புக்காகக் கோப்பையோடு காத்திருப்பார்.

பிறகு மழை பிடித்தது. மூன்றாம் நாள் மத்தியானம், எல்லாரும் பாடசாலைக்குப் போங்கள் என்று ஆட்டோவில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போனது. பாக்கியம் பையைக் கட்டிவிட்டாள். பொன்னையா சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார்.

“முடிச்சிட்டு வாரேன்.”

அவளுக்குக் கோடும் மறந்தது, வைராக்கியமும் மறந்தது. குசினிக்குள் பாய்ந்து அவர் கையைப் பிடித்து முன்வாசல் பக்கம் இழுத்தாள். “மலை எறங்குது, இவரு கருவாட்டுக்கு முள்ளு எடுக்குறாரு! எந்திரிங்க!” அவர் எழும்பவில்லை. அவள் விடவில்லை. அப்போது லொறியில் கல் கொட்டுவது போல ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தாள். முன்னறை இருந்த இடத்தில் மண் இருந்தது. பக்கத்து மேடு சரிந்து கட்டில்மேல் உட்கார்ந்திருந்தது.

பின்கதவால் ஓடினார்கள். பாடசாலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் பொன்னையாவின் கையில் தட்டு இருப்பதை ஆட்கள் கவனித்தார்கள். கருவாடு மழைத்தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

“நா ஒங்கள அங்கதானே இழுத்தேன்” என்றாள் பாக்கியம்.

அவர் தட்டிலிருந்த தண்ணீரைச் சாய்த்துக் கொட்டினார். “உள்ள வந்தியே, அது போதும்” என்றார்.

பத்து நாள் கழித்து முன்ஸிப் வந்தான். “அக்கா, ஒங்களுக்கு நசீபு, நல்ல அதிஷ்டம்! இடிஞ்சது சரியா மஞ்சள்தான்!” என்று கத்திவிட்டு, சொன்னது என்னவென்று உறைத்ததும் தலையைக் குனிந்துகொண்டான். கம்பெனிக்குப் போட்டோ வேண்டுமாம். மண்மேட்டுக்கு முன்னால் இருவரையும் நிறுத்தினான். பொன்னையா விரலால் தலை வாரிக்கொண்டார்.

“சிரிக்கவா தம்பி, வேணாமா?”

“சிரிக்க வாணாண்ணே, கம்பெனி பாக்கும்.”

அதைக் கேட்டதும் பாக்கியத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் அடைத்தாள். முன்ஸிப் மூன்று தரம் எடுத்தான். மூன்றிலும் அவள் முகமே இல்லை, குலுங்குகிற தோள்தான். பக்கத்தில் பொன்னையா சாவு வீட்டுக்கு வந்தவர் போல விறைத்து நின்று, மண்ணை ஒரு விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.