மூன்றாம் பாளம்

சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தால் ஜன்னல் எனக்கு, முடியாவிட்டால் உனக்கு என்று ஃபிட்டர் தன் சம்சாரத்திடம் சொல்லிவிட்டார். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். சொன்னது திங்கட்கிழமை. இப்போது வெள்ளி மத்தியானம், இரும்புப் பாளத்தின் ஒரு மூலையில் இன்னும் ஒரு நீலப் புள்ளிகூட விழவில்லை.

அந்த வீட்டில் ஒழுங்காக வெளிச்சம் வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்று, முன்னறையில். அதற்கடியில் பத்து வருஷமாக அவளுடைய தையல் மெஷின் இருந்தது. வேலை பார்த்த தொழிற்சாலையை இழுத்து மூடியதும், இனி எவன் வாசலிலும் போய் நிற்கமாட்டேன், இரும்பு கடைய சொந்தமாக ஒரு சின்ன லேத் செய்து வீட்டிலேயே வேலை எடுப்பேன் என்று கிளம்பினார் மனுஷன். லேத்துக்கு அடித்தளம் மட்டமாக இருக்கவேண்டும். சும்மா கண்ணுக்குத் தெரிகிற மட்டமில்லை, தலைமுடியைப் பத்தாக வகிர்ந்தாலும் இடுக்கில் நுழையாத மட்டம். அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே தையல் மெஷின் சமையலறைக்குப் போனது. ஐந்து மாதமாக அவள் அடுப்புக்குப் பக்கத்தில் கழுத்தை ஒடித்துக்கொண்டு நூல் கோக்கிறாள். வீட்டில் சோறு பொங்குவது அந்த ஊசியால்தான்.

"சனியனே!" என்று ஃபிட்டர் இரும்பு சுரண்டும் ஸ்க்ரேப்பரை மேஜைமேல் போட்டார். எதிரே உட்கார்ந்திருந்த மச்சான் தலையைத் தூக்கவில்லை. அவளுடைய தம்பி, பஸ் கண்டக்டர். டியூட்டி இல்லாத நாளெல்லாம் வந்துவிடுவான். லேத்தின் அடித்தளத்துக்கு மட்டம் பார்க்கும் பாளங்களில் ஒன்றாம் பாளம் இவர் கையில், இரண்டாம் பாளம் அவன் கையில்.

வேலை என்னவோ சொல்வதற்குச் சுலபம். ஒரு பாளத்தில் நீலச் சாயத்தை மெல்லிசாகத் தடவி, இன்னொன்றை அதன்மேல் வைத்துத் தேய்த்தால், மேடான இடத்தில் நீலம் ஒட்டும். ஒட்டின இடத்தைச் சுரண்டவேண்டும். மறுபடி தடவு, மறுபடி தேய், மறுபடி சுரண்டு. தோள்பட்டை கழன்று விழும், இரும்பு தூசி அளவுக்குத்தான் குறையும். நேற்று இருந்த மேடு இன்றைக்குப் பள்ளமாகி, பக்கத்துப் பள்ளம் மேடாகிப் பல்லிளிக்கும்.

இதை மூன்று பாளங்களை வைத்துச் செய்யவேண்டும். ஒன்றை இரண்டோடு, இரண்டை மூன்றோடு, மூன்றை ஒன்றோடு. இருபத்திரண்டு வருஷம் தொழிற்சாலையில் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் ஃபிட்டர் ஓதின வேதம் அது. இங்கே மூன்றாம் பாளம் சமையலறையில் இருந்தது. மெஷினை நகர்த்துமுன், முதல் மாதத்தில் அதை ஒன்றாம் பாளத்தோடு அழகாகப் பொருத்தி வைத்திருந்தார். தையல் மெஷினை நகர்த்திய அன்று நடந்த சண்டையில், "என் ஜன்னலை எடுத்துக்கிட்டீங்கல்ல? உங்க இரும்புல ஒண்ணை நான் எடுத்துக்கறேன்" என்று அவள் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். வெட்டுகிற துணி நகராமல் இருக்க அதைப் பாரமாக வைத்துக்கொண்டாள்.

பத்தடி தூரம். போய்க் கேட்டால் தீர்ந்தது. கேட்கமாட்டாராம்! "ரெண்டு போதும்டா" என்றார் மச்சானிடம். "தாராளமாப் போதும் மாமா" என்றான் அவன். அவனுக்கென்ன தெரியும், டிக்கெட் கிழிக்கிறவன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு, அடம்பிடித்த மூலையிலும் நீலம் விழுந்தது. ஃபிட்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாளத்தைத் திருப்பினார். மூலைக்கு மூலை, ஓரத்துக்கு ஓரம், மழைத்தூறல் விழுந்த மாதிரி ஒரே சீராகப் புள்ளிகள்.

"மாமா! ஜெயிச்சுட்டோம் மாமா!" மச்சான் நீலக் கையோடு அவரைக் கட்டிக்கொண்டான். சட்டை நாசம். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

சத்தம் கேட்டு அவள் வந்தாள். பாளத்தைப் பார்த்தாள், இரண்டு பேர் மூஞ்சியையும் பார்த்தாள்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"சரி. சொன்னா சொன்னதுதான்." ஜன்னல் மேடையில் மிச்சமிருந்த தன் பட்டன் டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது மூன்றாம் பாளத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து, மேஜையில் கனமாக இறக்கினாள். "இதையும் வெச்சுக்கங்க. அந்த இருட்டுல இனிமே துணி வெட்ட என்னால ஆகாது. ஓரம் மடிச்சுத் தெச்சுக் குடுக்கறதோட நிறுத்திக்கறேன்."

ஃபிட்டருக்குச் சுருக்கென்றது. பாளத்தைப் பார்த்தார். ஒட்டியிருந்த நூல்பிசிறைத் தட்டினார். லேசான துருவைத் துடைத்தார். அதோடு விட்டிருக்கலாம். கை கேட்டால்தானே? இரண்டாம் பாளத்தில் நீலம் தடவி, மூன்றாவதை அதன்மேல் வைத்து, நாலு தேய் தேய்த்துத் திருப்பினார்.

சுற்றிலும் ஓரத்தில் மட்டும் நீலம். நடுவில் ஒரு பொட்டுகூட இல்லை.

மறுபடி தேய்த்தார். பாளத்தைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தார். நடுவில் வெறும் இரும்பு பளபளத்தது.

ஃபிட்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றாம் பாளம் நடுவில் உப்பியிருக்கிறது. அதோடு சேர்த்துச் சுரண்டினதெல்லாம் அதற்கேற்ற மாதிரி குழிந்திருக்கிறது. உப்பலும் குழியும் ஒன்றோடொன்று கச்சிதமாகப் பொருந்தி, ஐந்து மாதமாக அவரை முட்டாளாக்கியிருக்கின்றன. இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் இப்படித்தான் ஆகும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன வாய் இதுதான். ஐயோ, ஐந்து மாதம்!

மச்சானுக்கும் விஷயம் மெதுவாக உறைத்தது. அவர் காதோரம் குனிந்து கிசுகிசுத்தான். "மாமா, இது மூணாவதோட கோளாறா இருக்கும். அக்கா அதைக் கண்ட இடத்துல போட்டு வெச்சதுல வளைஞ்சிருக்கும். அப்படியே சொல்லிடுவோம்."

நல்ல வழி. ஏழு கிலோ எஃகு துணிமேல் கிடந்து வளையாது என்பது அவளுக்குத் தெரியாது. பழியும் அவள்மேல், ஜன்னலும் அவர் கையில். ஃபிட்டர் நிமிர்ந்து பார்த்தார். அவள் இன்னும் அங்கேயே நின்று, கழுத்தை ஒரு கையால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள்.

"பேசாம இருடா" என்றார் மச்சானிடம். பிறகு அவளிடம், "முடியல. எல்லாமே தப்பு. மொதல்லேர்ந்து செய்யணும்" என்றார்.

"இப்பத்தானே முடிஞ்சுதுன்னீங்க? ரெண்டும் பொருந்துதுன்னு கட்டிப் புடிச்சுக்கிட்டீங்க?"

"பொருந்துது. ரெண்டுமே கோணல்."

அவள் தம்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "அதான் நான் அஞ்சு மாசமா பாக்கறேனே" என்றாள்.

மச்சான் டியூட்டிக்கு நேரமாச்சு என்று செருப்பைத் தேடினான். அன்றைக்கு அவனுக்கு டியூட்டியே கிடையாது.

"இது இல்லாமதான் தப்பாப் போச்சா?" என்று அவள் மூன்றாம் பாளத்தைத் தொட்டாள்.

"ம்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனே."

"தெரியும்" என்றார் ஃபிட்டர். "அதனாலதான் கேக்கல."

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். தையல் மெஷினை ஒண்டியாளாகத் தூக்கிக்கொண்டு வரும்போது கதவு நிலையில் முட்டி இடித்தது. நொண்டிக்கொண்டே வந்து ஜன்னலுக்கடியில் பழைய இடத்தில் வைத்தார். பட்டன் டப்பாவும் மேடைக்குத் திரும்பியது. அவள் உட்கார்ந்து, ஒரே தடவையில் ஊசியில் நூல் கோத்தாள்.

ஃபிட்டர் அங்கேயே நின்றார். தொண்டையைச் செருமினார். சாயங்கால வெளிச்சம் நீலக் கறை படிந்த அவர் கைமேல் விழுந்தது.

"தெனம் ஒரு மணி நேரம்… நீ மெஷினை விட்டு எந்திரிச்சதுக்கு அப்புறம்… இந்த ஜன்னலைக் குடுப்பியா?"

மெஷின் சக்கரம் நாலு சுற்று சுற்றி நின்றது.

"இன்னைக்கு இல்ல" என்றாள் அவள். "நாளைக்கும் கேளுங்க."