நம்பர் பிளேட்டில் ஒரு பொட்டு

1

இந்தக் கதை ஒரு போர்டில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பிறகு கனவில் வந்தது, ரயிலில் ஒருத்தர் சொன்னார் என்றெல்லாம் கதைவிட வேண்டியிருக்காது.

2006 ஐப்பசி. அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகிற ரோட்டில் ஒரு வாட்டர் சர்வீஸ். என் பழைய காரைக் கழுவ விட்டிருந்தேன். வாசலில் போர்டு: ‘இங்கு வரும் வண்டிகளின் நம்பர் காமிராவில் பதிவாகிறது. பயமின்றிச் சாவியைக் கொடுக்கலாம்.’ காமிரா எங்கே என்று அண்ணாந்து தேடினேன். அது கீழே இருந்தது. முழங்கால் உயரத்தில், உள்ளே வரும் வழியில் ஒன்று, வெளியே போகும் வழியில் ஒன்று. ஆள் முகத்தைப் பார்க்காது. வண்டியைக்கூட முழுசாகப் பார்க்காது. நம்பர் பிளேட் மட்டும்தான் அதற்குத் தெரியும்.

கழுவி முடித்ததும் ஓர் அம்மாள் வந்து, பிளேட்டில் சந்தனம் தொட்டு, மேலே குங்குமம் வைத்தார். ஏன் என்று கேட்டேன். “வெறுமனே அனுப்பக் கூடாதுல்லங்க” என்றார்.

நிஜம் இவ்வளவுதான். மீதி என் கைவேலை.

2

முதல் ஆரம்பம்:

‘சரேலென்று பிரேக் அடித்து நின்ற வெள்ளை அம்பாசிடரிலிருந்து இறங்கியவனின் வலது கையில்—’

அடித்துவிட்டேன். நான் வாராவாரம் பத்திரிகைக்கு எழுதுகிற மாதிரித் தொடர்கதையில் வலது கை என்று எழுதினால் அதில் ஒரு தழும்போ, ஆறாவது விரலோ இருந்தே ஆக வேண்டும். இவனுக்கு எதுவும் கிடையாது. சும்மா ஒரு டிரைவர்.

இரண்டாவது:

‘அன்று காலையிலிருந்தே மேகலாவின் இடது கண் துடித்துக்கொண்டிருந்தது. அவளுக்குத் தெரியாது, இன்னும் சற்று நேரத்தில்—’

துடிக்கவில்லை. பக்கத்து ஊர் வாரணவாசிக்காரர் ஒருவரின் மகள் கல்யாணத்துக்கு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். கல்லங்குறிச்சி ரோட்டில் அவள் புருஷன் அரியமுத்துவை, கொத்தனார் வேலைக்குச் சைக்கிளில் போனவனை, பின்னாலிருந்து ஒரு கார் அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போயிற்று. அப்போதும் அவள் கண் துடிக்கவில்லை, ஊசி கையில் குத்தவில்லை, சாமி படம் விழவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த ஆரம்பம் இருக்கட்டும்.

3

சர்வீஸ் முதலாளியின் பெயர் காசிநாதன் என்று வைத்துக்கொள்வோம். அவர் காமிரா வாங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. கழுவி நிறுத்தியிருந்த ஒரு காரில், சாவி தொங்குவதைப் பார்த்து எவனோ ஏறி உட்கார்ந்து, இருக்கிறவர்களுக்கு டாட்டா காட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றிலிருந்து உள்ளே எந்த நம்பர், வெளியே எந்த நம்பர் என்று டேப்பில் ஏற்றுகிறார். கறுப்பு வெள்ளைப் படம். கலர் எதற்கு, நம்பருக்கு?

பொட்டு வைக்கிற அம்மாளுக்குச் செங்கமலம் என்று பெயர் கொடுக்கிறேன்.

அரியமுத்து அடிபட்ட அந்தக் காலையில் ஒரு வெள்ளை அம்பாசிடர் உள்ளே வந்தது. முந்தின ராத்திரி மழை. கரிசல் மண் பம்பர், பிளேட் எல்லாம் அப்பியிருந்தது. பம்பரில் ரத்தம்.

“ஆடு ஒண்ணு குறுக்க வந்துருச்சுக்கா” என்றான் டிரைவர்.

“அய்ய, வாயில்லா ஜீவன். வெள்ளாடா செம்மறியா?”

“யாரு பாத்தா.”

தண்ணீர் அடித்தார்கள். செங்கமலம் துணி போட்டுத் துடைத்தாள். (எனக்கு இந்த இடத்தில் அவள்மேல் சந்தேகம். ஆட்டு ரத்தம் என்று நிஜமாகவே நம்பினாளா? மூன்று தடவை மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒரு தடவை அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எழுதினேன். அப்போது அவள் பேச மறுத்துவிட்டாள். நம்பினாள் என்று எழுதிய பிறகுதான் பேசினாள். எனவே நம்பினாள்.)

உயிரை அடித்த வண்டியை அப்படியே விட்டால் தோஷம் ஒட்டும். செங்கமலம் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்தாள். பானெட்டில் பொட்டு, முன் பிளேட்டில் ஒரு பெரிய பொட்டு. மற்ற வண்டிகளுக்கு வைப்பதைவிடப் பெரிசு. ஆட்டுக்காக.

பிளேட் ஈரம். குங்குமம் வழிந்தது.*

* முழு நம்பரையும் இங்கே அச்சிட மாட்டேன். எவரோ ஒருவர் வீட்டு வாசலில் அந்த நம்பரோடு ஒரு கார் நிற்கும். கடைசி எண் மட்டும் போதும். அது மூன்று. வழிந்த குங்குமம் மூன்றின் திறந்த வாயை இடது பக்கமாக மூடிவிட்டது. கலரில் பார்த்தால் சிவப்பும் கறுப்பும் தனித்தனியாகத் தெரியும். கறுப்பு வெள்ளையில் அது எட்டு.

4

மேகலா அந்தப் போர்டைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள். உயிர் போகுமுன் அரியமுத்துவைத் தூக்கி உட்கார வைத்தவர் வெள்ளை அம்பாசிடர் என்பதைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. ரத்தத்தோடு போகிற வண்டி தண்ணீரைத் தேடித்தான் போகும் என்பது அவள் கணக்கு. நான் சொல்லிக் கொடுக்கவில்லை, அவளாக யோசித்தாள்.

“அண்ணே, எந்த வண்டி வந்தாலும் பதிவாவுமாமே.”

காசிநாதனுக்குப் பெருமை. “எமனே எருமையக் கழுவ ஓட்டியாந்தாலும் பதிவாவும்மா.”

டேப்பைப் போட்டுக் காட்டினார். உள்ளே வரும்போது பிளேட்டில் மண், ஓர் எழுத்துத் தெரியவில்லை. வெளியே போகும்போது பளிச்சென்று தெரிந்தது. கடைசியில் எட்டு.

பின்னால் துணி பிழிந்துகொண்டிருந்த செங்கமலம் எட்டிப் பார்த்தாள். “இது நம்ம மூணு நம்பர் வண்டில்ல மொதலாளி? ஆட்ட அடிச்சிட்டு வந்துச்சே, அது. அது என் பொட்டு. எட்டு இல்ல.”

காசிநாதன் டி.வி.யை அணைத்தார்.

மூன்று நம்பர் கார், சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டுகிற ஒரு காண்ட்ராக்டருடையது. அவர் லாரிகள் அத்தனையும் இங்கேதான் குளிக்கும். (அவருக்குப் பெயர் வைக்கப்போவதில்லை. பெயர் வைத்தால் அவர் கதைக்குள் வந்துவிடுவார். வராமலிருப்பதுதான் அவர் சாமர்த்தியம்.)

“நீ எதுக்குக் குறுக்க பேசுற? எட்டுன்னா எட்டு. காமிரா பொய் சொல்லுமா?”

“காமிரா சொல்லாது மொதலாளி. ஆனா பொட்டு நான் வச்சது.”

“அப்ப உம் மேலதான் கேசு போடணும்.”

மேகலா செங்கமலத்தைப் பார்த்தாள். “அக்கா, ஆடுன்னா சொன்னான்?”

செங்கமலம் கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அதை வாளித் தண்ணீரில் போட்டாள். பிறகு வெளியே எடுத்தாள். எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

5

டேப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயிற்று. எட்டு நம்பர் வெள்ளை அம்பாசிடர் ஒன்று அரும்பாவூரில் இருந்தது. (கடைசி எண் மட்டும் மாறி இரண்டு வெள்ளை அம்பாசிடரா என்று கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் காரென்றாலே பாதி அதுதான்.) சொந்தக்காரர் பூமாலை, சின்ன வெங்காய வியாபாரி. முன்பக்க விளக்கு உடைந்து பல வருஷம். ஸ்டேஷனில் அதைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டார்கள்.

ஏட்டு நல்லுசாமி எட்டு என்றார். (சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையில் அதற்கு இது ஒன்றுதான் இடம்.)

“அன்னிக்கு எங்கய்யா இருந்த?”

“ஊர்லதாங்க. வண்டி ஸ்டார்ட்டே ஆவல. நாலு பேரு தள்ளியும் ஆவல.”

“ஸ்டார்ட் ஆவாத வண்டிய எவன்யா வச்சிருப்பான்?”

“நான்தாங்க வச்சிருக்கேன்.”

மேகலாவை வரச் சொல்லியிருந்தார்கள். அவள் பெயரில் ஒரு வாக்குமூலம் தயாராக எழுதியிருந்தது. “இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா. வண்டி கெடச்சிருச்சு.”

“இது அந்த வண்டி இல்லைங்கய்யா. செங்கமலக்கா மூணுங்குறாங்க.”

“செங்கமலம் ஆடுன்னும்தான் சொன்னா. ஆட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போடச் சொல்றியா?”

“கையெழுத்துப் போடலன்னா என்னாங்கய்யா ஆவும்?”

“அடையாளம் தெரியாத வாகனம்னு எழுதி ஃபைலக் கட்டிருவோம். உம் புருஷன யாரும் அடிக்கலன்னு அர்த்தம். யோசிச்சுக்க. டீ குடிச்சிட்டு வரேன்.”

6

முடிவுகள்.

(அ) என் பத்திரிகைக்குப் பிடித்த முடிவு. சென்னையிலிருந்து ஒரு துப்பறிகிற ஆள் வருகிறான். டேப்பைப் பெரிதாக்கி, வழிந்த கோட்டைக் காட்டி, காண்ட்ராக்டரின் முகத்துக்கு நேரே விரலை— பெரிதாக்கிப் பார்த்தேன். அந்த டேப்பில் பெரிதாக்கினால் எட்டு இன்னும் பெரிய எட்டாகிறது.

(ஆ) செங்கமலம் கோர்ட்டில் கூண்டேறி, ‘நான் வைத்த பொட்டு அது’ என்று— வக்கீல் ஒரே கேள்வி கேட்பார்: நீங்கள்தானே ரத்தத்தைத் துடைத்தது? மறுநாள் காசிநாதன் வேறோர் அம்மாளை வேலைக்கு வைத்துக்கொள்வார். பொட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிடுவார். இனிமேல் நம்பர் சுத்தமாகப் பதிவாகும்.

(இ) பூமாலைக்கு ஜாமீன். பிறகு வழக்கு. பிறகு வெங்காயம் விலை ஏறுகிறது, இறங்குகிறது. ஊரில் குழந்தைகள் அவரை ‘எட்டு’ என்று கூப்பிட—

எழுதிக்கொண்டிருக்கும்போதே மேகலா என்னைக் கூப்பிட்டாள்.

“சார். நீங்கதான எழுதுறது?”

“ஆமாம்மா.”

“மூணுன்னு எழுதிட வேண்டியதுதான? ஒரு எழுத்துதான.”

எழுதலாம். அந்தக் குங்குமத்தை நான்தான் வழியவிட்டேன். ஒரே வரியில் துடைத்துவிட முடியும். ஆனால் துடைத்தால் அது கல்லங்குறிச்சி ரோடாக இருக்காது, வியாழக்கிழமை கடைக்கு வருகிற என் தொடர்கதையாகிவிடும். இதை அவளுக்கு எப்படிச் சொல்வது என்று வார்த்தை தேடினேன். அவள் காத்திருக்கவில்லை.

“அப்ப எதுக்கு சார் என்னைய இங்க கொண்டாந்து நிறுத்துனீங்க?”

தாளை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன்.

பேனா மேகலாவின் கையில் இருக்கிறது. ஏட்டு இன்னும் டீக்கடையில்தான். கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள் என்றால், பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பூமாலையிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள், அந்த வண்டி அன்று ஸ்டார்ட் ஆயிற்று என்று. வேண்டாம் என்றால், அரியமுத்துவை யாரும் அடிக்கவில்லை என்று மேகலாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். இரண்டையும் நான் எழுத மாட்டேன்.

நீங்கள் வாயெடுக்கிறீர்கள் என்று நினைத்து, பூமாலை எழுந்து நின்றுவிட்டார்.