காலாவதி ஆகாத நிழல்

பீமாராவின் மகள் உயிரோடு பிறக்கவில்லை. ஆனால் அவளுடைய நிழல் ஏழு வருடமாக அவன் வீட்டில் வளர்ந்து வந்தது. தவழ்ந்தது, நடந்தது, பின்னல் போட்டுக்கொண்டது. செஞ்சியில் இதை யாரும் அதிசயமாகப் பேசவில்லை. ஸ்கேன் படம் அழியாமல் இருக்கும்வரை, இல்லாதவர்களின் நிழல் ஊரில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். அனந்தபுரம் கோவிந்தசாமியின் நிழல், அவர் செத்தபிறகும் டீக்கடைச் சுவரில் சாய்ந்திருந்தது. அவர் படம் காலாவதியான வாரம் போய்விட்டது.

ஒரு தனியார் மருத்துவமனையில் அந்தப் படங்களைக் காப்பது பீமாராவின் வேலை. அங்கிருந்த டிஸ்க் பெட்டி, டேப்பில் மட்டுமே எழுதத் தெரிந்த பழைய மென்பொருளிடம் தன்னை டேப் என்றே சொல்லிக்கொள்ளும். அதனால் அதன் ஒவ்வொரு பங்குக்கும் டேப் என்றுதான் பெயர். தினப்பதிவு ஒரு மாதம், மாதப்பதிவு ஒரு வருடம், வருடப்பதிவு ஏழு வருடம் என்று கணக்குப் போட்டு காலாவதி விதி எழுதியவனும் அவனே. மகளின் ஏழு வருடம் முடிந்தபோது, அவள் படம் இருந்த ஒரு டேப்பின் காலாவதித் தேதியை மட்டும் யாரிடமும் சொல்லாமல் தள்ளிவைத்தான். பெட்டி நிறைந்தது. புதுப்பதிவுகள் ஏறாமல் நின்றன. அந்த வாரமே ஸ்கேன் கணினி பழுதாகி, தளவானூர் செல்லம்மாளின் கட்டிப் படம் நகலில்லாமல் தொலைந்தது. கட்டி வளர்ந்ததா இல்லையா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. செல்லம்மாள் வராந்தாவிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்கு வந்து மனைவி அனுவிடம் சொன்னான்.

"நம்ம பொண்ணுக்கு எடம் புடிச்சி வச்சிக்கினு, உசுரோட இருக்கிறவங்கள வெளிய நிறுத்துவியா?"

"வுட்டுட்டா போய்டுவா, அனு."

"எனுக்குத் தெரியாதா?"

மறுநாள் தள்ளிவைத்த தேதியைப் பழையபடி மாற்றிவிட்டான். காலாவதியான டேப் உடனே அழியாது. புதுப்பதிவு மேலே ஏறும்வரை பழையது அடியில் கிடக்கும். அந்த மிச்ச நாட்களில் அனு வெயிலில் உட்கார்ந்து மகளுக்குத் தலை பின்னினாள். விரல்களின் நிழல் கூந்தலின் நிழலுக்குள் போய்ப்போய் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பின்னிக்கொண்டிருக்கும்போதே, வாசலில் அனுவின் கைகளின் நிழல் மட்டும் தனியாக அசைந்தது.

அந்த டேப்பில் முதலில் ஏறியது பனமலை அமலாவின் பச்சைக்குழந்தையின் ஸ்கேன் படம். அன்றிலிருந்து குழந்தைக்கு இரண்டு நிழல்: ஒன்று அதனுடையது, இன்னொன்று பின்னல் போட்ட ஒரு பெண்ணுடையது. அமலா பதறி மருத்துவமனைக்கு ஓடிவந்தாள். குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை என்றார் டாக்டர். கேள்விப்பட்டு அனு பனமலைக்குப் பஸ் ஏறிப் போய், ஏரிக்கரையில் நின்று பார்த்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்த அமலா அதற்குள் பழகிவிட்டிருந்தாள்.

"வெயில்ல படுக்க வச்சா அந்தப் பொண்ணு மேல வுழுந்து மறைச்சிக்குதுக்கா. அழுவவே மாட்டுது. இருந்துட்டுப் போவட்டும்."

அந்த டேப்புக்கும் பீமாராவ் ஏழு வருடம் என்றே போட்டிருக்கிறான்.