காப்புக் கழற்றிய நாள்

நல்லையாவின் வலது காலை நன்றாகத் தெரிந்தவர்கள் எங்கள் வீட்டு வரிசையில் இரண்டு பேர். ஒருத்தன் அந்தக் காலுக்குச் சொந்தக்காரன். மற்றவள் அந்தக் காலால் மிதி வாங்கிய அவன் பெண்சாதி தங்கம்மா. அதற்கு அடுத்தபடியாக என்னைச் சொல்லலாம். நான் பக்கத்து வீட்டுக்காரி. நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர். அவளுக்கு அடி விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டேதான் வருடக்கணக்காகச் சோறு வடித்திருக்கிறேன்.

நல்லையா மாத்தளைக் கடைவீதியில் மூட்டை தூக்கும் கூலி; இங்கே நாட்டாமை என்போம். மிளகு, கராம்பு, சாதிக்காய் என்று எந்த லொறி வந்தாலும் அவன் முதுகுதான் முன்னுக்கு நிற்கும். வேலைக்குப் போகுமுன் கொஞ்சம் குடிப்பான், முடிந்ததும் நிறையக் குடிப்பான். சாராயம் கிடைக்காத நாளில் கள்ளமாகக் காய்ச்சிய கசிப்பு. மீசை முளைத்த வயதில் பிடித்த பழக்கம், ஒரு நாள் தவறியதில்லை. தங்கம்மாவுக்கு இரண்டாவதாக உண்டான பிள்ளை ஐந்து மாதத்தில் அவன் மிதியில்தான் போயிற்று. அவளைக் கழுவித் துடைத்துப் படுக்க வைத்தவள் நான். அன்றிலிருந்து அவன் முகத்தைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். மூத்தவள் சுரேகா கல்யாணம் கட்டிப் பல்லேகமப் பக்கம் போனவள்தான், திருவிழாவுக்குக்கூடத் திரும்பி வருவதில்லை. வந்து எதைப் பார்க்க?

அப்படிப்பட்ட காலில்தான் வலி வந்தது. தொடை இடுக்கில் தொடங்கி முழங்கால்வரை இழுத்தது. மூட்டை தூக்கிய வலி என்றான் அவன். மூட்டைக்காரர்களுக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான். சாராயத்தில் மிளகுத்தூளைக் குழைத்துச் சூடு பறக்கத் தேய்ப்பார்கள். தங்கம்மா தினமும் தேய்த்தாள். காலுக்கு ஒரு கை அளவு போகும், மிச்சம் முழுவதும் அவன் வாய்க்குப் போகும். பிறகு கலேவெலப் பக்கம் எலும்பு முறிவு பார்க்கும் சிங்கள வெதமாத்தயா ஒருவரிடம் போய் எண்ணெய்க் கட்டுப் போட்டார்கள். கட்டு இருக்கும்வரை குடிக்கக் கூடாது என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னாராம். மாத்தளைக்கு பஸ் எடுக்குமுன்னரே நல்லையா குடித்து முடித்திருந்தான்.

காலை ஊன்றவே முடியாமல் போன பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி நினைவுக்கு வந்தது. துணைக்கு நானும் போனேன். டொக்டர் நுஹ்மான் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"இதுதான் தொடை எலும்புட தலை. பந்து மாதிரி உருண்டையா இருக்கணும். இவருக்குப் பாருங்க, நசுங்கின அலுமினியச் சட்டி மாதிரி இருக்கு. ரத்தம் போகாம எலும்பு செத்துப்போச்சு."

"மூட்ட தூக்குனதாலயா டொக்டர்?" என்று கேட்டாள் தங்கம்மா.

"மூட்டை இல்லம்மா, குடி. வருஷக்கணக்கா இப்படிக் குடிச்சா எலும்புக்குப் போற ரத்தம் நின்டு போகும். மத்த எலும்புகளும் உளுத்துத்தான் இருக்கு. சும்மா விழுந்தாலே உடைஞ்சிடும்."

செத்த எலும்பை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டு வைக்கலாம் என்றார். ஆனால் அதற்கு முன் இரண்டு மாதமாவது சொட்டுக்கூடத் தொடக் கூடாது. "தொட்டா நான் கத்திய எடுக்கமாட்டேன். மயக்க மருந்த உடம்பு தாங்காது. புது மூட்டு பிடிச்சு நிக்கிறதுக்கு எலும்புலயும் பலம் இருக்காது."

"வச்சா நடப்பாரா?"

"நல்லா நடப்பார்" என்றார் டொக்டர் சந்தோஷமாக. நல்ல மனிதர், நல்ல செய்தி சொன்னதாக நினைத்தார். தங்கம்மாவின் முகத்தை நான்தான் பார்த்தேன்.

அதற்குள் அவன் படுக்கையில் விழுந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அந்தக் காலத்தில் தங்கம்மாவின் கன்னத்தில் சதை பிடித்திருந்தது. மிளகு புடைக்கும் ஸ்டோருக்கு வேலைக்குப் போனாள். வந்து சமைத்தாள். அவன் கைக்கு எட்டாத தூரத்தில் நின்று தட்டைத் தள்ளி வைக்கப் பழகிக்கொண்டாள். நிம்மதியாகத் தூங்கினாள். அவன் எழுந்து நின்றால் இதெல்லாம் போய்விடும் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

டொக்டர் சொல்லிக் குடியை விடுகிற ஆள் இல்லை நல்லையா. ஆனால் அம்மனுக்குப் பயந்தவன். எங்கள் வரிசையின் கோடியில் சின்னதாக ஒரு அம்மன் கோயில் இருக்கிறது. திருவிழாவுக்குக் காப்புக் கட்டி, மஞ்சள் கயிறு மணிக்கட்டில் ஏறிவிட்டால், அது இறங்கும்வரை இங்கே எவனும் குடிக்க மாட்டான். காப்போடு குடித்த ஒருவன் நுரை தள்ளிச் செத்தான் என்று ஒரு கதை உண்டு. தைப்பூசத்தன்று நல்லையாவை ஓட்டோவில் ஏற்றிப் போய் வேண்டுதல் வைத்துக் காப்புக் கட்டினோம். பங்குனித் திருவிழா முடிந்து கொடி இறங்கும்போது கழற்ற வேண்டும். முதல் வாரம் நடுங்கினான், வேர்த்துக் கொட்டினான், இல்லாத பூச்சியைத் தட்டித் தட்டி விரட்டினான். பிறகு மெல்ல அடங்கினான்.

அப்போது தங்கம்மா ஒரு ஆசையை வளர்த்தாள். "குடிதாங்க்கா அவர இப்பிடி ஆக்கிருச்சு. அது போனா மனுசன் வேற மாதிரி இருப்பாருக்கா" என்றாள். தலைக்குப் பூகூட வைத்திருந்தாள், பைத்தியக்காரி.

மாசியில் ஒரு நாள் ஸ்டோருக்கு லொறி பிந்தி வந்ததால் அவள் வீடு திரும்ப நேரமாகிவிட்டது. ஊன்றுகோல் பறந்து வந்து சுவரில் மோதியது. என் அடுப்படிப் பக்கத்துச் சுவர்.

"எங்கடி போன? எவன்கூட நின்னு பேசிக்கிட்டு இருந்த?"

"ஸ்டோர்லதாங்க இருந்தேன். கையில காப்பு இருக்கு, இப்பிடிப் பேசாதீங்க."

"காப்பு குடிக்காம இருக்கத்தான். ஒன்னய மிதிக்காம இருக்க இல்ல." அவன் சிரித்தான். "குடிச்சதாலதான் அடிச்சேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கியா? காலு சரியாகட்டும். மொத மிதி ஒனக்குத்தான்."

நாக்குக் குழறவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுந்தது.  அவள் அவனுக்குப் பிளேன்டீ ஆற்றும் சத்தம் கேட்டது. மறுநாள் அவள் தலையில் பூ இல்லை.

பங்குனியில் கொடி இறங்கியது. ஆஸ்பத்திரியில் கொடுத்திருந்த திகதி அதற்கு அடுத்த வாரம். நான் அவளிடம் போனேன். அவன்மேல் உள்ள இரக்கத்தால் போகவில்லை, மனசு கேட்காமல் போனேன்.

"தங்கம்மா, ஆபரேஷன் முடியிறவரைக்கும் காப்பு இருக்கட்டுமே. பூசாரிகிட்ட சொன்னா சரின்னுவாரு."

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "கொடி எறங்குனா கழட்டணும்க்கா. வச்சிருந்தா சாமி குத்தம்" என்றாள்.

சாமிக்கு அவளும் பயந்தவள்தான். ஆனால் அந்தக் குரலில் பயம் இல்லை. எனக்கு விளங்கிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் காலை ஓட்டோ வந்து நின்றபோது நல்லையா ஏற மாட்டேன் என்றான். கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டான்.

"தங்கம், இது கையில இருக்கட்டும்மா. இன்னும் ஒரு வாரந்தானே. இது இல்லாட்டி என்னால இருக்க முடியாது. ஒனக்குத் தெரியுந்தானே."

அவன் அவளைத் தங்கம் என்று கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. கண் கலங்கியிருந்தது, அது நடிப்பும் இல்லை.

"தெரியும்" என்றாள் அவள். "அம்மன் கோவிச்சுக்கிட்டா காலோட நிக்காதுங்க, உசுரும் போயிரும். ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். வாங்க."

அவன் வந்தான். பூசாரி கயிற்றை அறுத்தார். அது இருந்த இடத்தை நல்லையா மற்றக் கையால் பொத்திக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான்.

காப்புக் கழற்றிய மத்தியானம் கூட்டாளிகள் போத்தலோடு வந்து, விரதம் கிடந்தவனுக்கு முதல் கிளாஸ் ஊற்றிக் கொடுப்பது எங்கள் வரிசை வழக்கம். மற்றப் பெண்கள் அன்று கதவைச் சாத்திக்கொண்டு திட்டித் தீர்ப்பார்கள். தங்கம்மா கதவைத் திறந்துவைத்துப் பாய் விரித்தாள். குடியோடு கொறிக்கிற பைட்டுக்குக் கருவாடு பொரித்தாள், முட்டை அவித்தாள். நல்லையாவோடு மூட்டை தூக்கும் பிரதீபன்கூடத் தயங்கினான்.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போக இருக்குதானே. ஊத்தவா?"

"நல்ல நாளும் அதுவுமா இல்லேன்னு சொல்லாதீங்க தம்பி" என்றாள். "ஊத்துங்க."

நல்லையா கிளாஸைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். பிறகு குடித்தான்.

மிச்சப் போத்தலை அவள் ஒரு ஸ்டூலில் வைத்து, ஸ்டூலை அவன் கைக்கெட்டத் தள்ளிவிட்டு மறுநாள் வேலைக்குப் போனாள். அது முடிந்ததும் அவனே பிரதீபனுக்குச் சொல்லி அனுப்பினான். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளுக்கு முந்திய பின்னேரம், வெறும் போத்தலை ஆட்டிக்கொண்டு இன்னொன்று வாங்கி வரச் சொல்லிக் கத்தினான். அவள் அசையவில்லை. மிதிப்பதற்காக எழுந்தான். ஒரு வருடமாக ஊன்றாத கால் என்பது வெறியில் மறந்துபோயிற்று. தங்கம்மா கொஞ்சம் பின்னால் நகர்ந்தாள், அவ்வளவுதான். அவன் இடப்பக்கமாகச் சிமெந்துத் தரையில் விழுந்தான். காய்ந்த விறகு முறியும் சத்தம் எனக்குச் சுவர் தாண்டிக் கேட்டது.

நல்ல காலும் தொடையோடு முறிந்திருந்தது. அவன் வாயில் வந்த வாடை டொக்டர் நுஹ்மானுக்குப் போதுமாக இருந்தது.

"யாரு குடுத்தது?" என்று கேட்டார்.

"காப்புக் கழட்டுனோம் டொக்டர்" என்றாள் தங்கம்மா.

அவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். காலில் பாரம் தொங்கவிட்டு வாரக்கணக்காகப் போட்டு வைத்தார்கள். உளுத்த எலும்பு பொருந்த மாட்டேன் என்றது. மயக்க மருந்து கொடுக்க ஈரலும் இடம் தரவில்லை. இனி இரண்டு காலும் ஊன்றாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது அந்த வீட்டில் குடி இல்லை. ஒரு நாள் பிரதீபன் போத்தலோடு வந்தான். தங்கம்மா வாசலிலேயே மறித்து, "அவருக்கு எலும்பு சரியில்ல தம்பி, டொக்டர் குடிக்கக் கூடாதுன்னுட்டாரு" என்று திருப்பி அனுப்பினாள். உள்ளேயிருந்து நல்லையா அழுதது வரிசை முழுக்கக் கேட்டது. தங்கம்மாவைப் போல ஒரு பொறுமைசாலி உண்டா என்று எல்லாரும் மெச்சுகிறார்கள். நானும் ஆமாம் போடுகிறேன். மனசில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை, கொஞ்சம் பயம்தான் இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் கொஞ்சம் பலாக்காய்க் கறி கொடுக்கப் போனேன். அவள் அவன் வலது காலைத் தன் மடியில் வைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். கால் மெலிந்து, தோல் தொங்கிக் கிடந்தது.

"தங்கம்" என்றான் அவன். "ஒரே ஒரு தடவ எழும்பி நின்னாப் போதும்னு இருக்கு."

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"எதுக்குங்க?" என்று கேட்டாள்.