மெழுகில் பல்தடம்

பவளத் தீவின் காவலரைக் கப்பல்காரர்கள் முதுகுக்குப் பின்னால் எலி இன்ஸ்பெக்டர் என்பார்கள். அவர் என்ன செய்வார் பாவம். தரையிலேயே முட்டையிட்டு அடைகாக்கும் கடற்பறவைகள் நிறைந்த தீவு அது. சினையான எலி ஒன்று கரையேறினால் போதும், சில வருஷங்களில் ஒரு குஞ்சுகூட மிஞ்சாது. அதனால் எந்த உல்லாசக் கப்பல் வந்தாலும் முதலில் அவர் ஏறி, மூலைமுடுக்கெல்லாம் வைத்திருக்கும் மெழுகுக் கட்டிகளைப் பார்ப்பார். வேர்க்கடலை வாசம் சேர்த்த மெழுகு. எலி கடிக்காமல் விடாது. கடித்த தடம் இருந்தால், அந்தக் கப்பலிலிருந்து ஓர் ஆள்கூட, ஒரு பைகூட இறங்கக் கூடாது.

இந்த முறை வந்த கப்பலில் அவர் மனைவி இருந்தாள். பயணிகளுக்குப் பறவைகளைக் காட்டி விளக்குகிற வேலை. கல்யாணமாகி இருவரும் சேர்ந்து இருந்ததைவிடப் பிரிந்து கிடந்ததுதான் அதிகம். கப்பல் நிற்கும் நாட்களில் தன் தகர வீட்டில் தங்கப்போகிறாள் என்று மனுஷன் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, புது விரிப்பு போட்டு, தாடியைக்கூட மழித்திருந்தார். பறவைகளுக்கே ஆள் அடையாளம் தெரிந்திருக்காது.

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார். ஒன்றும் கிடைக்கக் கூடாதே என்றுதான் தேடினார். சமையலறைக் கிடங்கில், மாவு மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த கட்டியில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இரண்டு கோடுகள். அவள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரப்பான் கடிச்சிருக்கும் சார்," என்றார் கேப்டன்.

"கரப்பானுக்கு இந்த மாதிரி முன்பல் கிடையாதுங்க."

"சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார்ங்கிறது சரியாத்தான் இருக்கு." கேப்டன் குரலைத் தாழ்த்தினார். "சரி, பயணிங்க மேல்தளத்துல நின்னே பார்க்கட்டும். உங்க வீட்டம்மாவை மட்டும் கூட்டிட்டுப் போங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

கரும்பு தின்னக் கூலியா? கேப்டன் போனதும் அவர் மனைவியிடம், "பையை நல்லா உதறிட்டு வர்றியா?" என்றார்.

அவள் மெழுகுக் கட்டியைக் காட்டினாள். "தடத்தை நான் நேத்தே பார்த்துட்டேங்க."

"நேத்தேவா? புதுக் கட்டி ஒண்ணு மாத்தி வெச்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்காதே."

"மாத்துறதுக்குத்தான் கையில எடுத்தேன். மாத்திட்டு வந்து உங்க முகத்துல எப்படி முழிக்கிறதுன்னு திருப்பி வெச்சுட்டேன்."

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அனுமதி இல்லை என்று கேப்டனிடம் சொல்லிவிட்டுத் தன் படகில் இறங்கினார். போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கடலில் உதறினார்.

கப்பல் கரைக்குத் தள்ளியே தீவைச் சுற்றியது. ஒலிபெருக்கியில் அவள் பறவைகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் படகின் எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"இங்க மனுஷங்க யாராவது இருக்காங்களா?" ஒரு பயணியின் குரல்.

"ஒருத்தர் இருக்கார். என் வீட்டுக்காரர்."

"அட, அப்போ நீங்களாவது இறங்கிப் போயிருக்கலாமே?"

ஒலிபெருக்கி கொஞ்சம் கரகரத்தது.

"நான் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேங்க," என்றாள் அவள். "அவர்தான் ஒரேயடியா முடியாதுன்னுட்டார்."

அந்தப் பொய்யைக் கேட்ட பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது.