தட்டை எரிக்காதவள்

அறுவடை முடிந்த சோளக்காட்டைத் துடைத்து வைத்தாற்போல் பெருக்கி, தட்டையைக் குவித்துக் கொளுத்துகிறவள்தான் அந்த ஊரில் நல்ல பெண்பிள்ளை. அப்படிப்பட்ட ஊரில் எலூபி காடு முழுக்கத் தட்டையைப் பரப்பிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள். ஊர் சும்மா இருக்குமா?

"உழவர் பள்ளிக்கூடம்னு போனாளே, சோம்பேறியா இருக்கத்தான் படிச்சுட்டு வந்திருக்கா போல," என்று அடிபம்பில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் சிரித்தார்கள்.

"ஆமா, அதுல நான்தான் முதல் மார்க். உனக்கும் சொல்லித் தரேன், வா," என்றாள் எலூபி. வாயில் அவளை ஜெயித்தவர் அந்த ஊரில் கிடையாது.

ஆனால் கப்போலா மாமாவிடம் அந்த வாய் செல்லாது. அங்கே நிலம் பெண்வழிச் சொத்து. எந்தத் துண்டு எந்தச் சகோதரி மகளுக்கு என்று சொல்கிறவர் மட்டும் தாய்மாமன். எலூபியின் புருஷனோ ஊர் வழக்கப்படி வீட்டோடு வந்த மாப்பிள்ளை. நில விஷயத்தில் அவனுக்குப் பேச்சே இல்லை.

"மழை வர்ற வரைக்கும் இந்தக் குப்பை கிடந்து, மழை வந்ததும் அதுக்கு ஊடால விதையும் முளைச்சிட்டா காடு உனக்கு," என்றார் மாமா. "நடுவுல எரிஞ்சு போச்சுன்னா உன் தங்கச்சிக்கு. அவளுக்காவது விளக்கமாறு பிடிக்கத் தெரியும்."

எரியும் என்று அவர் சும்மா சொல்லவில்லை. வறண்ட மாதங்களில் இளவட்டங்கள் காடுகளில் தீ வைப்பார்கள். எலிகள் வெளியே ஓடிவரும். கம்பால் அடித்து, உப்புப் போட்டு அவித்து, குச்சியில் கோத்து, தலைநகரமான லிலோங்வே போகும் பஸ்களிடம் நீட்டினால் நொடியில் விற்றுப்போகும். சோளக்களிக்கு அதைப்போலத் தொட்டுக்கொள்ள வேறு எது இருக்கிறது? தட்டை கிடக்கும் இடத்தில்தான் எலி குடியிருக்கும். ஊரிலேயே தட்டை பரந்து கிடந்தது எலூபி காட்டில் மட்டும்தான்.

ஆகவே ஒருநாள் வரப்பில் சினோயாவும் அவன் கூட்டாளிகளும் வந்து நின்றார்கள். மீசை அரும்பிய பயல்கள். எலி வேட்டையில் சூரர்கள்.

"தீப்பெட்டியை உள்ள வைடா," என்றாள் எலூபி.

"எலிக்குத்தான்க்கா. உன் படிப்பை ஒண்ணும் எரிக்க மாட்டோம்."

விரட்டினால் ராத்திரி வந்து வைப்பான்கள் என்று அவளுக்குத் தெரியும். ஆகவே வீட்டுக்கு வரச் சொன்னாள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றினாள். பக்கத்தில் சினோயாவின் அம்மாவுக்கு இருந்த காட்டிலிருந்து ஒரு மண்கட்டி எடுத்து வந்தாள். மாமா கண்ணில் படாமல் சில வருஷமாகத் தட்டை போட்டு வைத்திருந்த தன் காட்டு மூலையிலிருந்து இன்னொன்று. இரண்டையும் தண்ணீரில் போட்டாள்.

சினோயா அம்மா காட்டு மண் பொலபொலவென்று உதிர்ந்து, தண்ணீர் சேறாகிவிட்டது. மற்றது அசையாமல் உட்கார்ந்திருந்தது.

"மந்திரம் போட்டுட்டியா?" என்றான் சினோயா.

"நீயே போய் எடுத்துட்டு வா."

போனான். அம்மா காட்டிலிருந்து கொண்டுவந்து போட்டான். அவன் கையாலும் அப்படியே கரைந்தது. அவன் முகம் தொங்கிவிட்டது.

"மழையில உங்க அம்மா காடு இப்படித்தான் கரைஞ்சு ஆத்துக்குப் போகுது," என்றாள் எலூபி. "வருஷா வருஷம் தட்டையை எரிச்சா மண்ணுக்குச் சாப்பாடு எங்க? பட்டினி கிடக்கிற மண்ணுக்குப் பிடிப்பு எங்கிருந்து வரும்? எலி உங்களுது, எடுத்துக்கோங்க. தீ மட்டும் வேணாம். பானையில தண்ணி ஊத்திப் புதைச்சு வைங்க, தானா வந்து விழும்."

"பானையில நாலுதான் விழும்க்கா. தீ வச்சா ஒரு கோணி."

"அப்ப நாலு போதும்னு பழகிக்கோ."

முனகிக்கொண்டேதான் பானை புதைத்தார்கள். பானை பார்க்க வரும்போதெல்லாம் எலூபி விட்டாளா? தட்டையை விலக்கி, அந்த வெயிலிலும் அடியில் இருந்த ஈரத்தைத் தொடச் சொன்னாள். நெளியும் மண்புழுவை உள்ளங்கையில் வைத்தாள். சொன்னதையே திரும்பச் சொன்னாள். பள்ளிக்கூடத்து வாத்தியாருக்குக்கூட அந்தப் பொறுமை வராது. கொஞ்ச நாளில் சினோயா பந்து விளையாடும் இடத்தில் டம்ளரும் மண்கட்டியுமாக வித்தை காட்டுகிறான் என்று காதில் விழுந்தது. பானை நிறையவில்லை என்று புலம்புவதை மட்டும் அவன் நிறுத்தவில்லை.

மழைக்கு முந்தைய காற்று வீசத் தொடங்கியிருந்தது. எலூபி மாவு மில்லில் வரிசையில் நின்றபோது தன் காட்டுப் பக்கம் புகை எழுவதைப் பார்த்தாள். சோளத்தை அங்கேயே போட்டுவிட்டு ஓடினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று வழியெல்லாம் புலம்பினாள். அந்தப் பயல்களை நம்பினோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

தீ வைத்தது அவர்கள் அல்ல. மாமாதான். தன் காட்டைச் சுத்தமாகப் பெருக்கிக் குவியல் குவியலாகக் கொளுத்தப் போனவர் காற்றைக் கவனிக்கவில்லை. முதல் குவியலின் நெருப்பே வரப்பைத் தாண்டி எலூபி காட்டில் ஏறிவிட்டது.

அங்கே சினோயாவும் கூட்டாளிகளும் பச்சைக் கிளைகளை ஒடித்து நெருப்பை அடித்துக்கொண்டிருந்தார்கள். இருமல், வியர்வை, முகமெல்லாம் கரி. சினோயாவின் ஒரு புருவம் பொசுங்கியே போயிருந்தது. கொழுத்த எலிகள் அவர்கள் காலுக்கிடையில் புகுந்து ஓடின. ஒருவனும் குனிந்து பார்க்கவில்லை. எலூபியும் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு நடுவில் பாய்ந்தாள்.

ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் கருகி, நெருப்பு அடங்கியது. எலூபி தட்டை மேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இந்தப் பிள்ளைகளையா சந்தேகப்பட்டோம் என்று இருந்தது.

மாமா சங்கடத்தோடு தொண்டையைச் செருமினார். குற்றம் தன்னுடையது என்பதைக் கேலியில் மறைக்கப் பார்த்தார். "அடேயப்பா, எலி மேல உங்களுக்கு இவ்வளவு பாசமாடா?"

சினோயா கிளையைக் கீழே போட்டான். "எலிக்காகன்னா எரிய விட்டுட்டு, அந்தப் பக்கம் கம்போட நின்னிருப்போமே மாமா. ஒரு கோணி தேறியிருக்கும்."

மாமா எலூபியையும் பயல்களையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன் காட்டுக்குத் திரும்பிப் போய், இன்னும் கொளுத்தாமல் இருந்த குவியல் ஒன்றைக் காலால் கலைத்துப் பரப்பத் தொடங்கினார்.