குரல் கொடுக்காமல் வந்தவர்

பிக்கெட் ஊரில் அந்த அக்டோபர் முழுக்க ஒரே பேச்சுதான். ராய்ஸ் ஹாஸ்கெலின் மகள் டெலியா திருடர்களைத் துரத்தியடித்தாள் என்று தீவனக் கடையில் சொன்னார்கள், முடிவெட்டும் கடையில் சொன்னார்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காபி குடிக்கும்போதும் சொன்னார்கள். வாய்க்கு வாய் மாறும்போது திருடர்கள் உயரமாகிக்கொண்டே போனார்கள். பதினாறு வயது டெலியா மட்டும் அந்தக் கதையை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. யாராவது கேட்டால் எழுந்து போய்விடுவாள். பார்த்தவர்கள் அதை அடக்கம் என்று நினைத்தார்கள். உண்மையில் அவளுக்கு அப்பா மேல் தீராத கோபம்.

கதையைக் கிளப்பிவிட்டவர் ராய்ஸ்தான். வெல்டிங் பட்டறை நடத்துகிறவர். மாலையில் ஊர்ப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுக்கும் கிளப்பின் பயிற்சியாளர். டெலியா அவரிடம் கற்றவள். எந்திரம் வானத்தில் வீசும் களிமண் தட்டுகளைச் சுடும் போட்டியில் மாநில அளவில் பரிசு வாங்கியவள். இப்போது சின்னப் பிள்ளைகளின் வகுப்பை அவளே பார்த்துக்கொள்கிறாள்.

திருட்டு நடந்தது நிஜம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பள்ளி மைதானத்தில் ஃபுட்பால் ஆட்டம். அன்றைக்கு ஊரில் எந்த வீட்டிலும் ஆள் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும், திருடர்களுக்கும்தான். ஹாஸ்கெல் வீட்டு கேட்டில் கைத்துப்பாக்கிப் படம் போட்டு, 'இங்கே நாங்கள் போலீசைக் கூப்பிட மாட்டோம்' என்று ஒரு பலகை தொங்கியது. உள்ளே என்ன இருக்கிறது என்று வழியில் போகிறவனுக்கு விளம்பரம் செய்ததுபோலத்தான் அது. முன்னறையில் கண்ணாடி அலமாரி நிறையத் துப்பாக்கிகள் இருந்தன.

தம்பி வெஸ்ஸுக்குக் காதுவலி என்பதால் டெலியா அன்று வீட்டில் இருந்தாள். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டதும் தம்பியைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதில் தாழ்ப்பாள் கிடையாது. துணி வைக்கும் இழுப்பறை மேசையைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தாள், அவசர எண்ணுக்குப் போன் போட்டாள். துடைத்து வைப்பதற்காக அவளுடைய துப்பாக்கி அந்த அறையில்தான் இருந்தது. தோட்டா போட்டு, கட்டிலுக்குப் பின்னால் தம்பியை மறைத்து உட்கார்ந்தாள். சத்தம் போடாதே, வெளியே வராதே, ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று போனில் பேசிய பெண் சொன்னாள். டெலியா அப்படியே செய்தாள். திருடர்கள் அலமாரியைக் காலிசெய்துகொண்டு போனார்கள்.

அவள் யாரையும் துரத்தவில்லை. அறையை விட்டு வெளியே வரவேயில்லை.

ராய்ஸ் சொன்ன கதையில் அவள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடைக்கு வந்து ஒரு அதட்டல் போடுகிறாள். கையில் கிடைத்ததோடு மூன்று தடியன்கள் ஓடுகிறார்கள். அந்தக் கதையால் கிளப்பில் புதிதாகச் சேர வரிசையில் நின்றார்கள். கிளப்பின் தலைவரும் டிராக்டர் வியாபாரியுமான கார்ல் டிப்டன், வருடாந்திர விருந்தில் டெலியாவுக்குக் கேடயமும் ஒரு புதுத் துப்பாக்கியும் தருவதாக அறிவித்தார்.

டெலியா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பாள். ஆனால் விருந்துக்கு முந்தைய வகுப்பில் பிரின்லி என்ற ஒன்பது வயதுப் பெண் அவள் பக்கத்தில் வந்து நின்றாள். முன்பல் விழுந்த வாயோடு ரகசியம் பேசினாள்.

"டெலியாக்கா, எங்க வீட்டுக்குத் திருடன் வந்தா நானும் உங்கள மாதிரி வெளிய வந்து நிப்பேன். அப்பா துப்பாக்கி ஃப்ரிட்ஜு மேல இருக்கு. நாற்காலி போட்டா எட்டும். எட்டிப் பாத்துட்டேன்."

டெலியா குனிந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். அப்படிச் செய்யக் கூடாது, தம்பி தங்கையோடு ஒளிந்துகொண்டு போன் பண்ண வேண்டும் என்றாள். பிரின்லி சிரித்தாள். நீங்க மட்டும் செஞ்சீங்களே என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள். அன்று மாலையே டெலியா பிரின்லியின் அம்மாவிடம் ஃப்ரிட்ஜ் விஷயத்தைச் சொன்னாள். அந்த அம்மாள் நன்றி சொன்னதோடு நிற்காமல், உன்னைப் போலத் தைரியம் என் பெண்ணுக்கும் வந்தால் போதும் என்று கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

டெலியா நேராகப் பட்டறைக்குப் போனாள். விருந்தில் அந்தக் கதையைச் சொல்லக் கூடாது, கேடயம் வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். ராய்ஸ் வெல்டிங் முகமூடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டார். திருடன் இனி இந்தப் பக்கம் தலைவைக்க மாட்டான், கிளப்புக்கும் நல்லது என்றார். பிரின்லியைப் பற்றிச் சொன்னதற்கு, குழந்தைகள் ஆயிரம் பேசும் என்றார்.

"நீ ஒண்ணும் பேச வேணாம். தேங்க்ஸ் சொல்லு, வாங்கிக்க, உக்காரு. அவ்வளவுதான்."

"நீங்க எதுக்கு இந்தக் கதையக் கட்டுனீங்கன்னு எனக்குத் தெரியும்ப்பா."

ராய்ஸ் முகமூடியை இறக்கிக்கொண்டார்.

விருந்து தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் நடந்தது. வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே நீளமேசைகள் போட்டிருந்தார்கள். புகைபோட்டு வேகவைத்துப் பிய்த்த பன்றிக்கறி, இனிப்பு பீன்ஸ், சோள ரொட்டி. பெற்றோர்களும் பிள்ளைகளுமாகக் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் பிரின்லி தலையில் பெரிய ரிப்பனோடு உட்கார்ந்திருந்தாள். டெலியாவின் அம்மா நொரீன் கறி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் எல்லாம் தெரியும். அப்பாவைச் சபையில் கேவலப்படுத்திவிடாதே என்று மகளிடம் வரும்போது வண்டியில் கெஞ்சியிருந்தாள்.

டிப்டன் மைக்கைப் பிடித்தார். தான் முதன்முதலில் பார்த்த துப்பாக்கி, கல்யாணத்தன்று மாமனார் கையில் இருந்ததுதான் என்று ஆரம்பித்துச் சிரிப்பு மூட்டினார். அப்புறம் அந்த வெள்ளிக்கிழமையைச் சொன்னார். அவர் சொன்னபோது திருடர்கள் நான்கு பேர் ஆகியிருந்தார்கள். எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

டெலியா மேடைக்கு வந்தாள். டிப்டன் கேடயத்தை நீட்டியபோது அவள் கையை நீட்டவில்லை. மைக்கை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

"நான் யாரையும் துரத்தல," என்றாள். "தம்பியக் கூட்டிக்கிட்டு ஒளிஞ்சுக்கிட்டேன். போன் பண்ணினேன். அவங்க எடுத்துக்கிட்டுப் போனாங்க. போகட்டும்னு விட்டேன். எங்க வீட்ல யாரும் சாகல. அதுதான் நடந்துச்சு."

கூடத்தில் யாரோ மெல்லச் சிரித்தார்கள். டிப்டன் மைக்குக்காகக் கையை நீட்டினார். டெலியா ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டு பிள்ளைகளைப் பார்த்துப் பேசினாள். சுடுதளத்தில் விழுந்த களிமண் தட்டு பொறுக்க முன்னால் போகிறவர்கள் முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். முன்னால போறேன்னு கத்துவோம், எல்லாரும் துப்பாக்கிய மடக்கிக் கீழ வெச்சுட்டு 'சரி, போ'ன்னு சொன்ன பிறகுதான் போவோம் என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொன்னார்கள்.

"அன்னிக்கு ஒருத்தர் கத்தல," என்றாள் டெலியா. "வீடு அமைதியாயிடுச்சு. அப்புறம் உடைஞ்ச கண்ணாடி மேல பூட்ஸ் சத்தம். மெதுவா வருது. என் கதவுகிட்ட வந்து நிக்குது. குமிழ் திரும்புது. நான் துப்பாக்கியோட சேஃப்டிப் பூட்ட எடுத்துட்டேன். விரல் விசை மேல இருந்துச்சு. கதவு இடுக்குல முதல்ல ஒரு துப்பாக்கி தெரிஞ்சது. துப்பாக்கிதான் தெரிஞ்சது, ஆள் தெரியல. அதனால சுடல. அப்புறம் ஆரஞ்சுக் கலர்ல சட்டை தெரிஞ்சது."

அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் அந்த ஆரஞ்சுச் சட்டை தெரியும். ஃபுட்பால் ஆட்டத்தில் பந்து நகர்ந்த தூரத்தை அளக்க எல்லைக்கோட்டருகே சங்கிலி பிடிப்பவர்கள் போட்டுக்கொள்வது. ராய்ஸ் வருடக்கணக்காக அந்தச் சங்கிலியைப் பிடிக்கிறவர். தீயணைப்புக்காரர் ஒருவரின் ரேடியோவில் தன் வீட்டு விலாசம் கேட்டதும், சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு அவர் ஓடியதைப் பாதி ஊர் பார்த்திருந்தது. உள்ளே திருடன் இருக்கலாம், சத்தம் போட்டால் உஷாராகிவிடுவான் என்று நினைத்து மகள் பெயரைக்கூடச் சொல்லாமல் அவர் வண்டியில் இருந்த துப்பாக்கியோடு நடையில் வந்தது மட்டும்தான் ஊருக்குத் தெரியாது. சுடுதளத்தில் குரல் கொடுக்காமல் ஒரு அடி முன்னால் வைத்ததற்காக அவர் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார், அவர்கள் அழுதாலும் விட்டதில்லை.

நொரீன் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

டிப்டன் சிரிக்க முயன்றார். பயத்தில் குழந்தைகளுக்கு எல்லாம் குழம்பிப்போகும் என்றார், இருட்டில் இலைகூட ஆளாகத் தெரியும் என்றார். பிறகு ராய்ஸ் பக்கம் திரும்பினார்.

"ராய்ஸு, எந்திரிச்சு நீயே சொல்லுப்பா. பொண்ணு ஏதோ உளறுது."

கூடம் முழுக்க ராய்ஸைப் பார்த்தது. மேசைமேல் இருந்த காகிதத் தட்டை அவர் இரண்டு கையாலும் மடக்கினார், விரித்தார். உளறல்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊர் அதை நம்பியிருக்கும். டெலியாவிடமிருந்து சின்னப் பிள்ளைகளின் வகுப்பைப் பிடுங்கியிருக்கும். பிரின்லி அந்த நாற்காலியை மறந்திருக்க மாட்டாள். டெலியா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். முகம் கொதித்துப்போயிருந்தது.

"அவ உளறல," என்றார் ராய்ஸ். எழுந்திருக்கவில்லை. "நான்தான் கதவத் தள்ளினேன். குரல் கொடுக்கல. சேஃப்டி எடுத்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கதவுக்கு அந்தப் பக்கம் என் பொண்ணுதான்னும் தெரியும். அப்பவும் வாய் வரல எனக்கு."

பிரின்லியின் அம்மா மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

டெலியா மைக்கை மேசைமேல் வைத்தாள். மேடையிலிருந்து இறங்கி அப்பாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். தோளைத் தொடப்போகிறாள் என்று நொரீன் நினைத்தாள்.

"அந்தச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?" என்றாள் டெலியா. "அது காதுல விழுந்த பிறகுமா, நீங்க ஊரெல்லாம் போய் அந்தக் கதையச் சொன்னீங்க?"